கர்ப்பப்பை இறக்கம்: ஒப்பரேஷனுக்கு உடலும் மனமும் தயாராவது எப்படி?

மூன்று நான்கு பிள்ளைகளைப் பெற்று, இருபது முப்பது வருடம் மலையில் கொழுந்து எடுத்த சகோதரிகள் பலருக்கு வெளியில் சொல்லாத ஒரு தொல்லை உண்டு. குந்தி எழும்பும்போதும், இருமும்போதும், பாரம் தூக்கும்போதும் அடியில் ஏதோ சதை இறங்குவது போல இருக்கும். சிறுநீர் கசியும், அல்லது முழுதாகப் போகாது. இடுப்பு இழுக்கும். பின்னேரமானால் கூடும், படுத்தால் குறையும். இதுதான் கர்ப்பப்பை இறக்கம். புருஷனிடம்கூடச் சொல்லாமல், துணியை வைத்துக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் பிரட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும் தசைகளும் நார்களும் பிரசவத்தாலும், பாரம் தூக்குவதாலும், தீராத இருமலாலும், மலச்சிக்கலாலும், வயதாலும் தளர்ந்து போவதால் வருகிற நோய் இது.

எல்லாருக்கும் ஒப்பரேஷன் தேவைப்படாது. இறக்கம் கொஞ்சமாக இருந்தால் தசைப் பயிற்சி போதும். சிலருக்கு உள்ளே ஒரு வளையம் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுவார்கள். தோட்டத்து மருத்துவ மாதுவிடம் முதலில் சொல்லுங்கள். 35 வயதானவர்கள் சுவநாரி கிளினிக்கிலும் காட்டலாம். 1996 முதல் பெண்களுக்கென்றே நடக்கிற கிளினிக் அது. அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கொடுப்பார்கள்.

பெரியாஸ்பத்திரி டொக்டர் "ஒப்பரேஷன் தான்" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் உடனே நடக்காது, திகதி போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் காத்திருக்கும் காலத்தைச் சும்மா விட்டுவிடுகிறோம். ஒப்பரேஷன் நல்லபடி முடிவது டொக்டரின் கையை மட்டும் பொறுத்ததல்ல, அந்த வாரங்களில் நாம் லயத்தில் என்ன செய்தோம் என்பதையும் பொறுத்தது.

முதலாவது இரத்தம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. இரத்தம் மிகவும் குறைவாக இருந்தால் ஒப்பரேஷனைத் தள்ளிப் போடுவார்கள், புண் ஆறவும் நாளெடுக்கும். இரும்புச்சத்துக் குளிசையைத் தந்தால் பலர் என்ன செய்கிறார்கள்? காலையில் தேத்தண்ணியோடு விழுங்குகிறார்கள். நாம் பறிக்கிற கொழுந்துதான் இங்கே எதிரி! தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. குளிசையைத் தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ குடியுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதும் அப்படித்தான். குளிசை குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலம் இறுகினால் கீரை, பழம், தண்ணீர் கூட்டிக்கொள்ளுங்கள். முக்கி முக்கிப் போவது இந்த நோய்க்கு ஆகவே ஆகாது. பூச்சி மருந்து குடித்து எவ்வளவு காலம் என்பதையும் மாதுவிடம் சொல்லுங்கள். கொக்கிப்புழு இருந்தால் எவ்வளவு குளிசை குடித்தாலும் இரத்தம் ஊறாது.

அடுத்தது வெற்றிலையும் புகையிலையும். "வெத்தலை போடாட்டி வேலையே ஓடாது" என்பார்கள். தெரியும். ஆனால் புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் புண்ணுக்கு இரத்தம் குறையும், ஆறுவது பிந்தும். திகதி கிடைத்த நாளிலிருந்தே விடப் பாருங்கள். ஒரேயடியாக முடியாதவர்கள் முதலில் புகையிலையை விட்டு, பிறகு வெற்றிலையைக் குறைக்கலாம். அடுப்புப் புகையால் வரும் இருமலையும் அசட்டை செய்யாதீர்கள். ஒவ்வொரு இருமலும் அடியில் ஒரு தள்ளுத் தள்ளுகிறது, தைத்த பிறகும் தள்ளும்.

சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் கிளினிக்கை ஒரு தவணையும் விடக்கூடாது. சீனி கூடியிருந்தால் புண்ணில் சீழ் பிடிக்கும். உடம்பு பருமனானவர்கள் கொஞ்சமாவது எடையைக் குறைத்தால் மயக்க மருந்து கொடுப்பதும் சுலபம், அடித்தசைக்கும் பாரம் குறையும். பட்டினி கிடந்து குறைக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் இருக்கிற இரத்தமும் போய்விடும். தேத்தண்ணிக்குப் போடுகிற சீனி, எண்ணெயில் பொரித்தது, இரவில் அடுக்கி வைத்துச் சாப்பிடுகிற ரொட்டி, இவற்றில் கை வையுங்கள். பருப்பு, முட்டை, நெத்தலி, கீரையைக் குறைக்காதீர்கள்.

தசைப் பயிற்சி சொல்லித் தருகிறோம். சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல அடித்தசையை உள்ளுக்கு இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பிறகு ஐந்து எண்ணும்வரை ஓய்வு. இப்படிப் பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. நிரைக்குள் நிற்கும்போதும் செய்யலாம், கங்காணிக்கும் தெரியாது. ஒப்பரேஷனுக்குப் பிறகும் டொக்டர் சொல்கிற நாளிலிருந்து இதைத் தொடர வேண்டும்.

உடம்பைத் தயார் செய்வதைவிட மனதைத் தயார் செய்வதுதான் கஷ்டம். வார்டில் சேர்ந்த பிறகு பயந்து வீட்டுக்கு ஓடி வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் ஒழுங்காக விளக்கிச் சொல்லாவிட்டால் பயம் வரத்தான் செய்யும்.

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி" என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். ஊசி போட்ட இடம் சில நாட்களுக்கு நோகலாம், ஆயுள் முழுக்க அல்ல. அந்த ஊசியால் இடுப்புக்குக் கீழே விறைத்துவிடும், வலி தெரியாது. ஆனால் விழித்திருப்பீர்கள், பேச்சும் சத்தமும் கேட்கும். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் திடுக்கிட மாட்டீர்கள். "கர்ப்பப்பையை எடுத்தா பெண்ணே இல்லை" என்பது இன்னொரு கதை. மாதவிடாய் நிற்கும், பிள்ளை பிறக்காது. அவ்வளவுதான். பெண்மையும் குடும்ப வாழ்க்கையும் போவதில்லை. ஆறு வாரம் கழித்து, டொக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு கணவன் மனைவி சேரலாம். கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கித் தைக்கிற முறையும் சிலருக்குப் பொருந்தும். எனக்கு எது, ஏன் என்று கேளுங்கள்.

கேட்பதற்கு மொழி ஒரு தடை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. தமிழ் தெரிந்த மிஸியோ வேறு உத்தியோகத்தரோ வரும்வரை பொறுத்திருந்து, விளங்கிய பிறகே சம்மதக் கையெழுத்துப் போடுங்கள். காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தே பழகிப் போனோம். இந்தக் கையெழுத்து உங்கள் உடம்புக்கானது.

தாலியைப் பற்றியும் வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். தியேட்டருக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது, மின்சாரக் கருவியால் சுடக்கூடும். கடைசி நேரத்தில் கழற்றச் சொன்னால் மாமியாரும் அழுது, இவரும் அழுது, மனம் உடைந்து போகிறது. தாலியைக் கணவரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று மிஸியிடம் முன்னாலேயே கேட்டு வையுங்கள். வளையல், மூக்குத்தி, நகச்சாயமும் வேண்டாம். நகத்தையும் உதட்டையும் பார்த்துத்தான் உடம்பில் ஒட்சிசன் சரியா என்று கவனிப்பார்கள். ஆடுகிற பல், கட்டின பல் இருந்தால் சொல்லுங்கள். குடிக்கிற மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை நிறுத்துவது, எதைக் குடிப்பது என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

பட்டினி விஷயத்தில் விளையாட வேண்டாம். வார்டில் சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒன்றும் வாயில் படக்கூடாது. "ஒரு மடக்குப் பால் தேத்தண்ணி தானே" என்று பிளாஸ்க்கோடு வருகிற சொந்தக்காரர்தான் பெரிய ஆபத்து. பாலும் சாப்பாட்டுக் கணக்குத்தான், வயிற்றை விட்டு இறங்க ஆறு மணித்தியாலம் வேண்டும். மயக்கத்தில் அது மேலே வந்து சுவாசப்பைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தவறிக் குடித்துவிட்டால் மறைக்காமல் மிஸியிடம் சொல்லுங்கள். திகதி தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

ஆண்களுக்கும் சில வார்த்தை. வீட்டுக்கு வந்த பிறகு குறைந்தது ஆறு வாரம் கொழுந்துக் கூடை, தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, பேரப்பிள்ளை எதையும் அவர் தூக்கக் கூடாது. பெரும் பாரத்துக்கு மூன்று மாதம்வரை பல டொக்டர்மார் தடை சொல்வார்கள். தைத்த இடம் விட்டால் பழைய கதைதான். ஆகவே தண்ணீர் யார் எடுப்பது, சமையல் யார், அந்த மாதங்களில் குறைகிற பேருக்கு வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று திகதிக்கு முன்பே பேசுங்கள். மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவது அதற்கு வழியல்ல. துண்டு வெட்டும்போது நோய் அட்டையையும் இலகு வேலைக்கான கடிதத்தையும் கேட்டு வாங்கி, பிரதி ஒன்றைத் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.

வீட்டில் இருக்கும்போது காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, துணி நனைகிற அளவு இரத்தம், சிறுநீர் போகாமல் அடைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சு முட்டல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். இரவானாலும் வாகனத்துக்குச் சொல்லி, நோய் அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.