ராத்திரி அழும் குழந்தையும், பழி சுமக்கும் தாயும்

"பால் பத்தலை போலிருக்கு. அதான் ராத்திரி முழுக்க அழுவுது."

பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆன பெண், இந்த வார்த்தையைக் கேட்காமல் தப்புவது அபூர்வம். பார்க்க வருகிற உறவினர் சொல்வார்; மாமியார் சொல்வார்; சில நேரம் பெற்ற அம்மாவே சொல்வார். அடுத்த நாளே பால் பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிடும். தூக்கம் கெட்டு, உடம்பும் தேறாமல் இருக்கிறவள் தலையில் 'எல்லாம் உன்னால்தான்' என்ற பழியும் ஏறும். பெரும்பாலும் அது அநியாயமான பழி. குழந்தை ராத்திரி எழுவது அதன் வளர்ச்சியின் ஒரு பகுதி. முதல் ஓராண்டில் தூக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

இரவு, பகல் தெரியாத வாரங்கள்

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால், அது துண்டு துண்டான தூக்கம். இரைப்பை சிறியது; தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும், பசித்தால் எழும். இதில் தாய்க்கும் நன்மை உண்டு. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். ராத்திரியில் கொடுக்கக் கொடுக்கத்தான் பால் ஊறும். 'பத்தலை' என்று புட்டிக்கு மாறினால், நாளடைவில் நிஜமாகவே பத்தாமல் போகலாம். முதல் வாரம் கடந்த குழந்தை நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா, எடை சீராகக் கூடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதும் என்றே அர்த்தம்.

இது இரவு என்று உடம்புக்கு உணர்த்துவது மெலடோனின் ஹார்மோன். கருவில் இருந்தவரை அது நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வந்தது. பிறந்தபின், குழந்தையின் உடம்பே நேரம் பார்த்து அதைச் சுரக்க இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது. பகல் பாலில் ஏறக்குறைய இல்லை. பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுவது, இரவில் விளக்கை மங்கலாக்கிப் பேச்சைக் குறைப்பது - இந்த வயதில் பெரியவர்கள் செய்யக்கூடிய உதவி இதுதான்.

நரி விரட்டும் நேரம்

தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். இமைக்குள் விழி உருளும். உதடு பால் குடிப்பதுபோல் சப்பும். விரல் துடிக்கும். மூச்சு ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் மெதுவாகவும் போகும். திடீரென்று ஒரு சிரிப்பு. அடுத்த நொடியே முகம் சுளித்து ஒரு சிணுங்கல். "நரி விரட்டுது" என்பார்கள் பாட்டிகள்.

மருத்துவம் இதை 'ரெம்' தூக்கம் என்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, முதலில் குழந்தைகளின் இமை அசைவைத்தான் உற்றுக் கவனித்தார். பிறகு பெரியவர்களிடமும் இதைக் கண்டறிந்து, 1953-ல் பேராசிரியர் நத்தானியல் கிளைட்மனுடன் சேர்ந்து உலகுக்குச் சொன்னார். பெரியவர்கள் தூங்கும் நேரத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் இந்த வகைத் தூக்கம். பிறந்த குழந்தைக்கோ பாதி. மூளை தன்னைக் கட்டியெழுப்பிக்கொள்ள இது உதவுகிறது என்ற கருத்தை 1966-லேயே ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ஆகவே, சிணுங்கல் கேட்டதும் வாரி எடுக்காதீர்கள். அரை நிமிடம் பொறுங்கள். பல நேரம் குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு மேல்

அதுவரை கண் மூடியதும் நேராக ரெம் தூக்கத்துக்குள் போன குழந்தை, மூன்று, நான்கு மாதங்களில் பெரியவர்களைப்போல அமைதியான தூக்கத்தில் தொடங்கப் பழகும். இந்த மாற்றத்தின்போது சில குழந்தைகள் கொஞ்ச காலம் அடிக்கடி எழுவதுண்டு. "நல்லாத் தூங்கின பிள்ளை, கண்ணு பட்டுடுச்சு" என்று வீட்டில் சுற்றிப் போடுவார்கள். அங்கே நடப்பது வளர்ச்சி.

ஆறு மாதமானால் விடியும்வரை தூங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் தவறு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர் மாரி-எலென் பென்னெஸ்த்ரியின் குழு, 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவிகிதம் பேர் தொடர்ந்து ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவிகிதம் பேர் அப்படித்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் மன வளர்ச்சியிலோ உடலியக்க வளர்ச்சியிலோ எந்தப் பின்னடைவும் தெரியவில்லை.

எட்டு, ஒன்பது மாதங்களில் இன்னொரு கட்டம் வரும். தவழ்வதும் பிடித்துக்கொண்டு நிற்பதுமாக இருக்கும் குழந்தை, நடுராத்திரியில் எழுந்து தொட்டில் கம்பியைப் பிடித்து நிற்கும். அம்மா கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்று இப்போது அதற்குத் தெரியும். அதனால்தான் தேடி அழுகிறது. ஒரு வயதுக்குள், பகல் தூக்கம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு முறையாகக் குறைந்து, மொத்தத் தூக்கம் 12 முதல் 15 மணி நேரத்துக்குள் நிற்கும்.

மல்லாக்கப் படுக்கட்டும்

தூக்கத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. ஒரு வயதுவரை குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். குப்புறப் படுக்கவைப்பதைக் கைவிடச் சொல்லி, 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த பிரசாரத்துக்குப் பின், காரணம் தெரியாமல் தூக்கத்தில் நேரும் குழந்தை மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. மெத்தை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பக்கத்தில் அடுக்கும் பொம்மைகள், கனத்த போர்வை எதுவும் வேண்டாம். தூளியில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குத் தடை வரலாம். முகம் தெரியும்படி, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட்டுங்கள்; தூங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றுங்கள்.

மாற்றும்போதே விழித்துக்கொள்கிறதா? ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2022-ல் 21 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில் ஒரு வழி கிடைத்திருக்கிறது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடங்கள். தூங்கிய பிறகு, ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்து உட்கார்ந்திருங்கள். அதன் பிறகு கிடத்தினால் விழிப்பது குறைகிறது.

ராத்திரியைப் பங்கிடுங்கள்

பால் குடிக்கக்கூட எழாமல் துவண்டு கிடப்பது, மூச்சு நின்று நின்று வருவது, தினமும் குறட்டை, எடை கூடாமை - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசவித்தவள் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுதுகொண்டே இருந்தாலோ, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கிடந்தாலோ, அவளுக்கும் சிகிச்சை தேவைப்படலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

குழந்தையின் விழிப்பைச் சரிசெய்ய வேண்டிய கோளாறாகப் பார்த்து மருந்து தேடுவதைவிட, தாயின் தூக்கத்தைக் காப்பாற்றுவதே அவசர வேலை. பாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வேறொருவர் செய்ய முடியும். ஏப்பம் விடவைப்பது, ஈரத்துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது - இவற்றை அப்பா செய்யலாம், தாத்தா செய்யலாம். 'காலையில் ஆபீஸ் போகணும்' என்று வேறு அறையில் போய்ப் படுக்கும் கணவர்கள், வாரத்தில் சில ராத்திரிகளையாவது தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை வளர்வது இருவருக்கும்தான்.