ஊராட்சியில் ஓர் ஆராய்ச்சி

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. மனைவி பெயரளவில் தலைவி, ஆள்பவர் கணவரே என்று பலர் நகைத்தனர். அஃது உண்மைதானா?

பெண் தலைவருள்ள ஊரையும் ஆண் தலைவருள்ள ஊரையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் என மாணவர்கள் எண்ணலாம். கிடைக்காது. பெண்ணொருத்தியைத் தானே விரும்பித் தேர்ந்த ஊர், முன்னரே மாறுபட்ட ஊராக இருக்கலாமன்றோ? நல்வாய்ப்பாக, ஒதுக்கீட்டுக்குரிய ஊர்கள் திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் குறிக்கப்பட்டன. ஆதலின் இருவகை ஊர்களுக்கும் தொடக்கத்தில் பெரிய வேற்றுமை இருக்க வழியில்லை. சீட்டு அரசியலுக்கு உதவியதோ இல்லையோ, அரசியல் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவிற்று!

இராகவேந்திர சட்டோபாத்தியாயரும் எஸ்தர் டூஃப்ளோ அம்மையாரும் மேற்கு வங்கத்துப் பீர்பூம், இராசஸ்தானத்து உதயப்பூர் மாவட்டங்களில் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டனர். பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், இரு மாநிலங்களிலும், குடிநீர்ப் பணிகள் மிகுந்திருந்தன. சாலைப் பணியோ வங்கத்தில் மிகுந்தது, இராசஸ்தானத்தில் குறைந்தது. முரணாகத் தோன்றும் இதற்கு ஊராரின் முறையீடுகளே விடை தந்தன. குடிநீருக்காக ஈரிடத்தும் மிகுதியாக முறையிட்டவர் பெண்கள். சாலைக்காக மிகுதியாக முறையிட்டவர் வங்கத்தில் பெண்கள், இராசஸ்தானத்தில் ஆண்கள்.