உங்களுக்குத் தெரியுமா? நெருக்கடிக் காலத்திலும் ஓவியர்களுக்குச் சம்பளம்!

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் வேலையின்றித் தவித்தபோது, அந்நாட்டு அரசு சாலை போடுவோருக்கு மட்டும் கூலி தரவில்லை. 1935இல் தொடங்கிய கூட்டாட்சிக் கலைத் திட்டத்தில் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் சம்பளம் கொடுத்தது. நாடெங்கும் நூறு சமூகக் கலை மையங்களாவது எழுந்தன.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1937இல் திறக்கப்பட்ட அத்தகைய மையத்தின் முதல் இயக்குநர், கறுப்பினச் சிற்பி அகஸ்டா சாவேஜ். அங்கே ஓவியமும் சிற்பமும் கற்கக் காசே கிடையாது. அப்பகுதி ஏழைப் பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய வரம்! சாவேஜ் முயன்று இத்திட்டத்தில் சேர்த்துவிட்ட இளைஞர்தான் ஜேக்கப் லாரன்ஸ். பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து வடக்கே பெயர்ந்த தம் கறுப்பின மக்களின் கதையை 1941இல் 60 ஓவியங்களாக வரைந்து முடித்தார். இன்று அவை நியூயார்க், வாஷிங்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.