காற்றில் தூது செல்லும் காணா ஒளி

1880ஆம் ஆண்டில் ஒரு நாள். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், பிராங்க்ளின் பள்ளியின் கூரைமேல் நின்று டெய்ன்டர் என்பவர் பேசினார். ஏறத்தாழ 213 மீட்டர் தொலைவில், ஆய்வுக்கூடத்தில் இருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் காதில் அக்குரல் விழுந்தது. கேட்டால் சன்னலருகே வந்து தொப்பியை அசைக்குமாறு டெய்ன்டர் வேண்டினார். பெல் வந்து அசைத்தார். இருவருக்கும் இடையே கம்பி ஏதும் இல்லை. குரலைச் சுமந்து வந்தது சூரிய ஒளி!

'போட்டோபோன்' எனப்பட்ட இதையே தொலைபேசியைவிடச் சிறந்த படைப்பாகப் பெல் கருதினார். ஆனால் மேகமும் மூடுபனியும் ஒளியை மறித்தன. கருவி நடைமுறைக்கு வரவில்லை.

இன்று நம் தொலைபேசிப் பேச்சும் படங்களும் கண்ணாடி இழைகளுக்குள் லேசர் ஒளியாக ஓடுகின்றன. ஆயினும் எல்லா இடத்திலும் இழையைப் புதைக்க இயலுமா? குறுக்கே ஆறு இருக்கலாம், மலை இருக்கலாம். புயலிலும் வெள்ளத்திலும் இழை அறுந்தால், உதவி தேவைப்படும் நேரத்திலேயே ஊர் தனித்துவிடும். அங்கே இரு உயர்ந்த கட்டடங்களில் கருவிகளை நேருக்கு நேர் வைத்து, காற்றின் வழியே ஒளியை அனுப்ப முடிந்தால் எவ்வளவு நன்மை!

பெல்லைத் தடுத்த காற்றை எப்படி வெல்வது? விடை வானத்திலேயே இருக்கிறது. நீல ஒளியின் அலை குறுகியது; அது காற்றில் எளிதில் சிதறுவதால் வானம் நீலமாகத் தெரிகிறது. சிவப்பு நீண்ட அலை. அதிகம் சிதறாமல் வருவதால் அந்திச் சூரியன் சிவக்கிறது. அப்படியானால், சிவப்பைவிட நீண்ட அலை இன்னும் எளிதாகச் செல்லும் அன்றோ? 1800இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியின் துணையால் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்களே அவை.

நாம் காணும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அகச்சிவப்பில் 3 முதல் 5 மைக்ரான் வரையிலும், 8 முதல் 12 மைக்ரான் வரையிலும் காற்று பெரும்பாலும் வழிவிடுகிறது. இவற்றை வளிமண்டலத்தின் 'சன்னல்கள்' என்பர். இரண்டுக்கும் இடையே நீராவி கதிர்களை விழுங்கிவிடுகிறது.

சன்னல் தெரிந்தும், அதற்கேற்ற விளக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1994இல் பெல்லின் பெயர் தாங்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் பெடரிகோ கபாசோ, ஜெரோம் பெய்ஸ்ட் முதலியோர் 'குவாண்டம் கேஸ்கேட் லேசர்' என்பதைச் செய்தனர். மிக மெல்லிய படலங்களை அடுக்கி, எலக்ட்ரான் இறங்குவதற்கு ஒரு படிக்கட்டு அமைத்தனர். ஒவ்வொரு படியிலும் அது ஓர் ஒளித்துகளை உமிழும். படலத்தின் தடிப்பை மாற்றினால் அலைநீளமும் மாறும்! தொடக்கத்தில் கடுங்குளிரில் மட்டும் இயங்கிய இந்த லேசர், 2002இல் அறை வெப்பநிலையிலும் இடைவிடாமல் ஒளிர்ந்தது. 2022இல் பாரிஸ் ஆய்வாளர்கள் 9 மைக்ரான் ஒளியில், வினாடிக்கு 1,000 கோடி 'பிட்' வேகத்தில் செய்தி அனுப்பிக் காட்டினர். ஒரு பிட் என்பது ஒன்று அல்லது சுழியம் என்னும் குறி.

எல்லாத் தடையும் நீங்கிவிட்டது என நாம் எண்ணலாகாது. அடர்ந்த மூடுபனியின் நீர்த்துளிகள் இந்த அலைகளைவிடவும் பெரியனவாக இருக்கலாம். அப்போது இவையும் தடைபடும். மேலும் நம் உடல் உட்பட வெதுவெதுப்பான பொருள்கள் யாவும் 10 மைக்ரான் அளவில் தாமே கதிர் வீசுகின்றன. அந்த இரைச்சலுக்கிடையே செய்தியைப் பிரித்தறிய நுட்பமான உணர்கருவி வேண்டும். அதைப் பெரும்பாலும் குளிர்விக்கவும் வேண்டும்.

எனினும் பள்ளிக் கூரையிலிருந்து புறப்பட்ட அந்த எண்ணம் பொய்க்கவில்லை. பெல்லின் ஒளி பனியில் தடுமாறியது. வழி தேடியவர்களோ வேறோர் ஒளியைக் கண்டனர். நம் கண் காணும் ஒளி, இருக்கும் ஒளியில் ஒரு சிறு பகுதியே என்பதை நாமும் நினைவில் கொள்வோம்.