அறிக்கையில் வராத பெயர்கள்

1999 டிசெம்பர் 3இல் கிளின்டன் கையொப்பமிட்ட உளவுத்துறை அதிகாரமளிப்புச் சட்டத்தின் எட்டாம் பகுதி, வெளிநாட்டுப் போதைவஸ்துக் கடத்தல் தலைவர்களைப் பற்றியது. திறைசேரி, நீதி, பாதுகாப்பு, இராஜாங்கம் ஆகிய திணைக்களங்களின் தலைவர்களும் மத்திய உளவுப் பணிப்பாளரும் கலந்துபேசி ஜனாதிபதிக்குத் தகவல் தரவேண்டும். அவர் ஆண்டுதோறும் யூன் 1க்குள் பெயர்களைக் காங்கிரசுக்குப் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும். பெயர் வந்தால் அமெரிக்காவிலுள்ள சொத்து முடங்கும். பின்னணி விபரங்கள் உளவுக் குழுக்களுக்கு மாத்திரம், இரகசியமாக.

2000 யூனில் வந்த முதற் பட்டியலில் பர்மாவின் குன் சா இருந்தார். அவரோ 1996இலேயே இராணுவ அரசிடம் சரணடைந்து ரங்கூனில் இருந்தவர். பட்டியலை எதிர்த்து நீதிமன்றம் போகவும் ஆரம்பத்தில் வழியிருக்கவில்லை. அத்தடை 2001 இறுதியில்தான் நீங்கியது.

பட்டியல்கள் எங்களுக்குப் புதிதல்ல. 1997 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளைச் சேர்த்த அதே சட்டப்பிரிவின்கீழ், 2025 பெப்ரவரியில் மெக்சிக்கோவின் சினலோவா உட்பட எட்டுக் கும்பல்கள் சேர்க்கப்பட்டன. ஆகவே கடத்தற்காரர் இப்போது பயங்கரவாதியும்தான்.

என்னை நிறுத்தி வாசிக்கவைத்தது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓர் உட்பிரிவு. ஒருவரின் பெயரை வெளியிடுவது உளவு நடவடிக்கையொன்றையோ தகவல் மூலமொன்றையோ பாதிக்கும் என உளவுப் பணிப்பாளர் தீர்மானித்தால், அப்பெயர் அறிக்கையில் இடம்பெறாது.

இதைச் சட்டநுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. 1982இல் சி.ஐ.ஏ பணிப்பாளர் வில்லியம் கேசியும் சட்டமா அதிபர் வில்லியம் பிரெஞ்ச் ஸ்மித்தும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சி.ஐ.ஏயின் உத்தியோகத்தரல்லாத ஒற்றர்களும் கூட்டாளிகளும் புரியும் போதைவஸ்துக் குற்றங்களை நீதித் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டிய கடப்பாடு இருக்கவில்லை. நிக்கரகுவாவின் கொன்ராக்களைச் சி.ஐ.ஏ வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது! 1995வரை இது நீடித்தது. 1996இல் கரி வெப் என்ற பத்திரிகையாளரின் கட்டுரைகள் கிளப்பிய புயலின் பின், 1998இல், சி.ஐ.ஏயின் சொந்தப் பரிசோதகர் நாயகமே காங்கிரஸ் குழுமுன் இதனைச் சொல்லவேண்டி வந்தது.

இரண்டும் ஒன்றல்ல என்று சிலர் வாதிடலாம். முன்னையது நீதித் திணைக்களத்துக்கே மறைத்தது, பின்னையது அறிக்கையில் பெயர் வருவதை மட்டும் தடுக்கிறது. உண்மைதான். ஆனால் யாரை மறைப்பது என்ற முடிவு இரு தடவையும் உளவுத்துறையின் கையிலேயே விடப்பட்டது. பெயர் வராதவரின் வங்கிக் கணக்கு இச்சட்டத்தால் முடங்குவதுமில்லை.