தேய்த்ததால் வந்த பெயர்

ஜொகூர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அது பால்மரம். மரத்தில் கட்டித் தொங்கும் கிண்ணம் மங்கு. விடிவதற்குள் போய் வெட்டுவது பால். ஓர் ஆளுக்கு ஒதுக்கிய மர வரிசை நிரை. மங்கின் அடியில் உறைந்து கிடப்பது ஒட்டுப்பால். அகிலன் மலேசியத் தோட்ட வாழ்க்கையை நாவலாக்கியபோது அதற்கு ‘பால்மரக் காட்டினிலே’ என்றுதான் பெயர் வைத்தார். மலாய்க்காரர்களுக்கு அது ‘கெத்தா’. மரத்தில் கசிகிற பாலுக்கும் பிசினுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். கம்பெனிப் பலகையிலும் கிராணியின் கணக்குப் புத்தகத்திலும்தான் ‘ரப்பர்’ என்று எழுதியிருந்தது.

இந்த மூன்றில் விசித்திரமானது ஆங்கிலப் பெயர்தான். பால் என்றாலும் கெத்தா என்றாலும் பொருளைக் கண்ணால் பார்த்தவன் வைத்த பெயர் என்று தெரிகிறது. ரப்பர் என்ற சொல்லில் மரமும் இல்லை, பாலும் இல்லை. ‘ரப்’ என்றால் தேய்ப்பது. ‘ரப்பர்’ தேய்க்கிற ஆள், அல்லது தேய்க்க உதவும் சாமான். மரப்பால் ஐரோப்பாவுக்குள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கியது. பாத்திரம் துடைக்கும் துணி ரப்பர். கத்தி தீட்டும் கல் ரப்பர். குளியல் கூடத்தில் உடம்பைத் தேய்த்துவிடுகிறவரும் ரப்பர்.

இந்தப் பழைய சொல் புதுப் பொருளோடு ஒட்டிக்கொண்டது 1770-ஐ ஒட்டி. ஆக்சிஜன் ஆய்வால் பின்னாளில் புகழ் பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, அந்த ஆண்டு ஓவியர்களுக்காகத் தூரக்காட்சி வரைமுறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பென்சில் கோட்டைத் துடைக்க அருமையான ஒரு பொருள் கிடைக்கிறது, லண்டனில் அளவுக் கருவிகள் செய்து விற்கும் நேர்ன் என்பவரிடம் வாங்கலாம் என்று அதன் முன்னுரைப் பகுதியில் ஒரு குறிப்பு எழுதினார். அரை அங்குலக் கனசதுரம் ஒன்றின் விலை மூன்று ஷில்லிங். அன்றைக்கு அது கொள்ளை விலை. அதுவரை பென்சில் கோட்டை அழிக்க ரொட்டித் துண்டுதான்.

அந்தச் சதுரத்துண்டு மேற்கிந்தியத் தீவுகள், தென் அமெரிக்கா பக்கமிருந்து வந்த சரக்கு. கொலம்பஸ் காலத்துக் குழப்பத்தால் அந்தப் பக்கத்துப் பொருள் எல்லாமே ‘இந்திய’ப் பொருள்தான். அதனால் இதுவும் ‘இந்தியா ரப்பர்’ ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். தென் அமெரிக்காவுக்குப் போன லா கொண்டமீன் 1736-இல் அந்தப் பொருளின் மாதிரிகளைப் பாரிசுக்கு அனுப்பினார்; அங்குள்ள பழங்குடிகளின் சொல்லையே ‘கவுச்சூ’ என்று எடுத்துக்கொண்டார். ஜெர்மன்காரர்களின் ‘கவுட்சுக்’கும் அதுவே. ‘அழுகிற மரம்’ என்பது அதன் பொருள் என்று பல நூல்களில் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. மொழியாராய்ச்சியாளர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை.

பென்சில் கோட்டை அழிப்பது அந்தப் பொருளின் திறமைகளிலேயே மிகச் சின்னது. காகித இழைகளில் கரித்தூள் லேசாகத்தான் பிடித்திருக்கிறது. தேய்க்கும்போது தூள் காகிதத்தை விட்டு ரப்பரோடு ஒட்டிக்கொள்கிறது; ரப்பரும் உதிர்ந்து அதைச் சுருட்டிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் வித்தை. அதன் உண்மையான அதிசயம் இழுபடுவதில் இருக்கிறது. வேண்டுமானால் இப்போதே பாருங்கள். தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், சூடாக இருக்கும். கொஞ்ச நேரம் இழுத்தபடியே வைத்திருந்து, பிறகு தளரவிட்டு உதட்டில் வைத்தால் குளிரும். இங்கிலாந்தில் ஜான் கௌ என்ற பார்வையற்ற அறிஞர் 1805-இல் எழுதி வைத்த சோதனை இது. கண் தெரியாதவர் உதட்டால் கண்டுபிடித்ததை, அரை நூற்றாண்டுக்குப் பிறகு இயற்பியலாளர் ஜூல் அளந்து உறுதிசெய்தார்.

காரணம் மூலக்கூறில் இருக்கிறது. ஐசோபிரீன் என்ற சிறு அலகு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிதான் ரப்பர். இழுக்காதபோது சங்கிலிகள் இடியாப்பம் போலச் சிக்கிச் சுருண்டு, ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். இழுத்தால் நிமிர்ந்து வரிசைப்படும். நெளிய இடம் குறையும். நாம் இழுக்கச் செலவிட்ட ஆற்றல் வெப்பமாக வெளியே வரும். விட்டால் பழையபடி சுருண்டுகொள்ளும். இரும்புச் சுருள்வில் அணுக்களுக்கு இடையிலான விசையால் திரும்புகிறது. ரப்பரோ பெரும்பாலும் ஒழுங்கற்றுக் கிடக்க விரும்புவதாலேயே திரும்புகிறது.

ஐசோபிரீன் சங்கிலியில் இன்னொரு வகையும் உண்டு. அதன் வீடு ஜொகூர்க் காடு. ரப்பர் மரம் இங்கே கால் வைப்பதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, ‘கெத்தா பெர்ச்சா’ என்ற மரப்பால் சிங்கப்பூர் வழியாக உலகச் சந்தைக்குப் போனது. பாராங் கத்திக்குப் பிடி போட மலாய்க்காரர்கள் பயன்படுத்திய பொருள் அது: கொதிநீரில் போட்டால் களிமண்ணாகக் குழையும், ஆறினால் கட்டையாகிவிடும். அறுவை மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843-இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். ஜொகூரின் ஆட்சியாளரான தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் அந்த வணிகத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்து பெரும் பணம் சேர்த்தார். 1855-இல் இன்றைய ஜொகூர் பாருவுக்கு வித்திட்டவர் அவர்தான். அவருடைய செல்வத்தில் காட்டுப் பிசினுக்கு நல்ல பங்கு உண்டு.

வெள்ளைக்காரனின் நாக்கில் கெத்தா ‘கட்டா’ ஆயிற்று. பெர்ச்சா என்ற ஒட்டுக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள்: கந்தல் துணித் துண்டு என்பது ஒன்று, சுமத்ராவின் பழைய பெயர் என்பது இன்னொன்று. எப்படியோ, கடலுக்கடியில் தந்திக் கம்பிக்கு உறை போட அதைவிட நல்ல பொருள் அன்று உலகில் இல்லை. 1866-இல் அட்லாண்டிக் கடலுக்கடியே நிலைத்து வேலை செய்த தந்திக் கம்பி அந்த உறையோடுதான் கிடந்தது. கம்பி நீள நீளக் காடு குறைந்தது. வெட்டு போட்டு மங்கு கட்டி எடுக்கிற பால் அது கிடையாது. மரத்தையே சாய்த்தார்கள், ஒரு மரத்திலிருந்து கிடைத்த பாலோ கொஞ்சம்.

ரப்பரும் கட்டா பெர்ச்சாவும் வேதியியல் கணக்கில் ஒன்றேதான்: பாலிஐசோபிரீன். ஒன்றில் சங்கிலியின் தொடர்ச்சி ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பிலும் ஒரே பக்கமாக மடங்குகிறது, அது சிஸ். இன்னொன்றில் எதிரெதிர்ப் பக்கமாகப் போகிறது, அது டிரான்ஸ். டிரான்ஸ் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் படிகமாகிவிடும், அதனால் கடினம். சிஸ் சங்கிலிகள் அப்படி எளிதில் அடுக்காகாது, அதனால் இழுபடும். பல் மருத்துவர் வேர் சிகிச்சை செய்து பல்லின் உள்ளே அடைக்கிற குச்சி இன்றும் கட்டா பெர்ச்சாதான். மலாய்ச் சொல் ஒன்று அப்படியே உலகம் முழுக்கப் பல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ரப்பருக்கு இருந்த தொல்லை வேறு. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகம் கலந்து சூடாக்கினால் இரண்டும் நிற்கும் என்று கண்டார். சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே கந்தகம் பாலம் கட்டிவிடுகிறது. இங்கிலாந்தில் இதே முறைக்குக் காப்புரிமை வாங்கிய தாமஸ் ஹேன்காக்கின் நண்பர் ஒருவர், ரோமானியரின் நெருப்புக் கடவுளான வல்கன் பெயரால் அதை ‘வல்கனைசேஷன்’ என்றார். கந்தகத்துக்கும் சூட்டுக்கும் பொருத்தமான பெயர்தான். ஆனால் பொருளின் பெயரை மாற்ற அப்போதுகூட யாருக்கும் தோன்றவில்லை. தண்டவாளத் தாங்கியும் மழைக்கோட்டும், பின்னால் கார்ச் சக்கரமும் எல்லாம் ‘தேய்ப்பான்’தான்.

மரம் கிழக்கே வந்த கதை பலருக்குத் தெரியும். ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசிலிலிருந்து 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தது ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு. பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்குப் போயின. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தது 22 கன்று. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டப் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, போகிறவர் வருகிறவர் சட்டைப்பையிலெல்லாம் விதையைத் திணித்தார். பைத்தியக்கார ரிட்லி என்றார்கள். 1910-இல் ரப்பர் விலை பவுண்டுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது அந்தப் பட்டப்பெயர் போன இடம் தெரியவில்லை.

ஜொகூரின் உட்பகுதி திறந்தது ரயிலால். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை பாதை 1909-இல் முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ரயில் நின்ற ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. வந்தவர்கள் கற்றுக்கொண்டது நுட்பமான வேலை. பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், வளரும் படலத்தை ஒட்டி இருக்கின்றன. கத்தி ஓர் இழை ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. குழாய்கள் மரத்தைச் சற்றே வலமாகச் சுற்றி ஏறுவதால், இடப்பக்கம் மேலும் வலப்பக்கம் கீழுமாக வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழந்து குழாயில் அழுத்தம் தணியும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, இருட்டிலேயே நிரை. பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு, மீதி பெரும்பாலும் தண்ணீர். இத்தனையும் கையால் தெரிந்து வைத்திருந்தவர்களைத்தான் ‘படிப்பில்லாதவர்கள்’ என்று எழுதினார்கள்.

1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒதுங்கியது. மலாயா ரப்பர் ஜப்பானியர் கையில். டயருக்குத் திண்டாடிய அமெரிக்கா, பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்ய ஆரம்பித்தது. மரம் தேவைப்படாத அந்தப் பொருளும் ரப்பர் என்றே அழைக்கப்பட்டது. பால்மரத்துச் சரக்குக்குத்தான் ‘இயற்கை’ என்று ஓர் அடைமொழி போட வேண்டி வந்தது. பால் என்று பெயர் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. செய்கிற வேலையை வைத்துப் பெயரிட்டதால், அந்த வேலையை எது செய்தாலும் பெயர் அதற்குப் போய்விடுகிறது.

இன்றைக்குப் பள்ளிப் பையில் இருக்கும் ரப்பரில் பெரும்பாலும் ரப்பர் கிடையாது, அது பிவிசி. மிருதுவாக்கக் கலக்கும் எண்ணெய் கசிவதால்தான், பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டிக் கிடக்கும் ரப்பர் அந்தப் பெட்டியையே இளக்கிக் குழி பறிக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூல் ‘அழிப்பான்’ என்கிறது. ஆங்கிலச் சொல்லைவிடச் சரியான சொல், ஏனென்றால் தேய்ப்பது வழி, அழிப்பதுதான் நோக்கம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘லப்பர்’. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. உலகிலேயே அதிகமாகக் கையுறை செய்யும் நாடு மலேசியா. அந்த ‘ரப்பர்’ கையுறைகளிலும் பெரும்பகுதி இப்போது நைட்ரைல், எண்ணெய்க் கிணற்றுச் சரக்கு.

அமெரிக்காவில் போய் ரப்பர் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் ஆணுறையை எடுத்து நீட்டக்கூடும். இந்தப் பொருளுக்கு ஜொகூர்தான் சரியான விலாசம்: 1988-இல் தொடங்கிய கேரெக்ஸ் நிறுவனத்தின் ஆலைகள் பொந்தியானிலும் செனாயிலும் இருக்கின்றன. ஆண்டுக்கு 500 கோடிக்கு மேல் தயாரிக்கும் திறன் கொண்ட, உலகிலேயே பெரிய ஆணுறை உற்பத்தியாளர். 2020 மார்ச் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் ஆலைகள் சில நாள் மூடியதற்கே உலகத் தட்டுப்பாடு வரும் என்று செய்தி ஓடியது. அங்கே இன்னும் மரத்துப் பால்தான் முக்கியம். கண்ணாடி அச்சைப் பாலில் முக்கி எடுக்கிறார்கள்.

கிரிக்கெட் வர்ணனையில் வருகிற ‘டெட் ரப்பர்’ இந்தக் குடும்பத்தில் சேராது. சீட்டாட்டத்திலும் உருட்டுப்பந்திலும் தொடர் ஆட்டத்தை ரப்பர் என்பது பிரீஸ்ட்லிக்கு வெகுகாலம் முந்திய வழக்கு. எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களே கையை விரிக்கிறார்கள்.

ஜொகூரில் நிரை நிரையாக நின்ற பால்மரம் இப்போது பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது. வெட்டிய மரம் முன்பெல்லாம் ரப்பர் தாள்களைப் புகைபோடும் அடுப்புக்குப் போகும். பூஞ்சையும் வண்டும் உடனே ஏறிவிடுவதால் வேறெதற்கும் ஆகாது என்று நினைத்தார்கள். போரான் உப்பை உள்ளே ஏற்றி உலர்த்தும் முறை வந்த பிறகு, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரம் மூவாரின் பட்டறைகளில் மேசையும் கட்டிலுமாகிறது. மலேசியாவின் மரச்சாமான் தலைநகரே இன்று மூவார்தான். வெளிநாட்டுச் சந்தையில் அதை ‘மலேசியன் ஓக்’ என்றும் விற்கிறார்கள். ஓக் மரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆமணக்கும் மரவள்ளியும்தான் அதன் சொந்தக்காரர்கள்.