ஒரு கோப்பின் தாளை மற்றொரு கோப்பில் சேர்த்தல்

சங்கக் கணக்குகளை எக்செல் விரிதாளில் எழுதும் வழக்கம் பரவிவிட்ட இந்நாளில், பல கோப்புகளிலுள்ள தாள்களை ஒரே கோப்பில் திரட்டும் வேலை மாதந்தோறும் செயலாளர்களுக்கு ஏற்படுகிறது. நூல் இருப்பு, கூலிப் பட்டியல், துணி விற்பனை ஆகிய தாள்களைக் கையால் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குப் பதிலாக, மேக்ரோ என்னும் கட்டளைத் தொகுப்பிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாம். ஆயினும் அதன் இயல்பை அறியாது ஒப்படைத்தல் தீங்காய் முடியும்.

யான் தணிக்கைக்குச் சென்றிருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். அங்கே எழுதப்பட்டிருந்த மேக்ரோ, கூலித் தாளைப் பிரதி எடுக்காமல் இடம் பெயர்த்தது. பெயர்த்தவுடன் மூலக் கோப்பைச் சேமித்து மூடியது. திரட்டுக் கோப்பைச் சேமிக்கும் முன்னரே மின்சாரம் நின்றது. தாள் இரண்டு கோப்புகளிலும் இல்லாது போயிற்று. நெசவாளர்களின் கூலிப் புத்தகங்களை வாங்கி, பட்டியலை மீண்டும் எழுதி முடிக்கும் வரை கூலிப் பட்டுவாடா நின்றிருந்தது.

இதனின்று அறியத்தக்கது யாதெனில், ‘மூவ்’ என்னும் கட்டளை தாளை மூலக் கோப்பிலிருந்து அகற்றிவிடும். ‘காப்பி’ என்னும் கட்டளை அதை அங்கேயே விட்டுப் பிரதியை மட்டும் கொண்டுசெல்லும். மேக்ரோ செய்த மாற்றத்தை ‘அன்டூ’ கொண்டு மீட்க இயலாது. ஆகவே காப்பியையே கையாளுதல் நன்று.

மேக்ரோவைத் திரட்டுக் கோப்பிலேயே எழுதி, அக்கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வகையாகச் சேமிக்க வேண்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் மேக்ரோ தங்காது. கட்டளைகளின் வரிசை வருமாறு: முதலாவது, மூலக் கோப்பைப் படிப்பதற்கு மட்டும் என்னும் முறையில் திறத்தல். இரண்டாவது, வேண்டிய தாளைத் திரட்டுக் கோப்பின் கடைசித் தாளுக்குப் பின் பிரதி செய்தல். சேரவேண்டிய இடத்தைக் குறிப்பிடாவிடில், எக்செல் புதியதொரு கோப்பை உண்டாக்கி அதில் தாளை வைத்துவிடும். மூன்றாவது, பிரதியிலுள்ள சூத்திரங்களை வெறும் மதிப்புகளாக மாற்றுதல். மூலக் கோப்பின் பிற தாள்களைச் சுட்டும் சூத்திரங்கள், பிரதியான பின்னும் அக்கோப்பையே நாடி நிற்குமாதலின் இது அவசியம். நான்காவது, மூலக் கோப்பைச் சேமியாமல் மூடுதல். பின்னர் அடுத்த கோப்புக்குச் செல்லலாம்.

தாளின் பெயர் 31 குறிகளுக்கு மேற்படலாகாது. தமிழில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ‘கூ’ என்பது இரண்டாகும். பெயரில் சாய்கோடும் கூடாது. சாய்கோடுள்ள பதிவு எண்ணை அப்படியே இட்டால் மேக்ரோ பாதியில் நின்றுவிடும். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைகளே உண்டு. புதிய வகையில் 10,48,576. ஆதலால் புதிய வகைத் தாளைப் பழைய வகைக் கோப்பில் இவ்வாறு சேர்க்க இயலாது.

இணையம் வழியே வந்த கோப்புகளின் மேக்ரோக்களை எக்செல் 2022 முதல் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. அனுப்பியவர் யாரென்று உறுதி செய்யாமல் அத்தடையை நீக்கலாகாது.

மேக்ரோவை ஓட்டுமுன் எல்லாக் கோப்புகளுக்கும் தனிப் பிரதி எடுத்து வைக்கவும். ஓடி முடிந்தபின், ஒவ்வொரு தாளின் கூட்டுத்தொகையையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, அதன் பின்னரே கூலிப் பட்டியலில் கையொப்பமிடுமாறு செயலாளர்களை வேண்டிக்கொள்கிறேன்.